58 வயது, டெஸ்டோஸ்டிரோன் 288, எலும்பும் தேய்கிறது: ஊசி போட்டுக்கொள்ளலாமா?

வேட்டிமடிப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம், வயது 58. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகன் பிடிவாதமாக மாஸ்டர் செக்கப்புக்கு அழைத்துப் போனான். ரிப்போர்ட்டில் இரண்டு விஷயம் உறுத்துகிறது. டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 288 நானோகிராம். எலும்படர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 1.9 (மைனஸ் கூடக் கூட எலும்பு மெலிவு என்று பொருளாம்). எடை பெரிதாக ஏறவில்லை. ஆனால் கை, கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்துவிட்டது.

என் அப்பா 76 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் ஆள் அதற்கப்புறம் எழவே இல்லை, வருடம் திரும்புவதற்குள் போய்விட்டார். அந்தப் பயம்தான் எனக்கு.

ஜிம் மாஸ்டர் சொல்கிறார்: "எல்லாத்துக்கும் ஒரே காரணம்தான் சார், ஆண் ஹார்மோன் இறங்கிடுச்சு. ஊசி போட்டா எலும்பு, தசை, தொப்பை மூணும் சரியாகும்." பார்த்த டாக்டரோ கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு "வயசாகுதுல்ல" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நான் யார் பேச்சைக் கேட்பது?

லேப்மணி எழுதியது:

ஐயா, ஒரே ஒரு கேள்வி. ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்?

வேட்டிமடிப்பு எழுதியது:

சர்க்கரைக்குச் சாப்பிட்ட பிறகும் ரத்தம் எடுத்தார்கள் அல்லவா, அதோடு சேர்த்துத்தான். மதியம் மூன்று மணி இருக்கும்.

லேப்மணி எழுதியது:

அப்படியானால் அந்த 288ஐ இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். சாப்பிட்ட உடனேயும் இறங்கும். காலை எட்டிலிருந்து பத்துக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இரண்டு முறை பார்த்து இரண்டிலும் குறைவாக இருந்தால்தான் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்து தேறும் சமயம், சரியாகத் தூங்காத வாரம் இவற்றையும் தவிர்க்க வேண்டும்.

இன்னொன்று. ரத்தத்தில் இந்த ஹார்மோனின் பெரும்பகுதி எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தோடும் ஆல்புமினோடும் ஒட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது. தனித்து அலைவது மிகக் கொஞ்சம். தொப்பையும் சர்க்கரையும் இருப்பவர்களுக்கு எஸ்.எச்.பி.ஜி. குறையும். அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரியும், ஆனால் தனித்திருக்கும் பகுதி சரியாகவே இருக்கலாம். வயது ஏற ஏற இதற்கு நேர் எதிர்: எஸ்.எச்.பி.ஜி. கூடும், மொத்தம் பார்க்க நன்றாக இருக்கும், தனிப்பகுதி இறங்கியிருக்கும். ஆகவே மறுபரிசோதனையில் எஸ்.எச்.பி.ஜி.யும் பார்க்கச் சொல்லுங்கள். பருமன் இல்லாத இளம் ஆண்களை வைத்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கணக்கிட்ட எல்லை 264 முதல் 916 வரை. உங்கள் மதிய 288 கூட அதற்குள்தான் விழுகிறது.

இரும்புத்தோள் எழுதியது:

லேப் அண்ணா சொல்வது சரிதான், ஆனால் எல்லைக்குள் இருக்கிறது என்று சொல்லியே நம் ஊரில் ஆண்களைக் கிழவர்களாக்கிவிடுகிறார்கள். எனக்கு 49. டாக்டர் கண்காணிப்பில்தான் ஊசி எடுக்கிறேன். தசை கூடியது, மனசு தெளிவானது, தொப்பை கரைந்தது. முப்பதைத் தாண்டினால் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் இறங்குகிறது என்று எல்லா டாக்டர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். குறைகிற ஒன்றைத் திரும்ப நிரப்புவதில் என்ன தப்பு? பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் எலும்பு தேய்கிறது, ஹார்மோன் கொடுத்தால் நிற்கிறது. ஆண்களுக்கும் அதே கதைதான்.

செங்காந்தள் எழுதியது:

நான் மருத்துவர் இல்லை. கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஹார்மோன்கள் என் பாடம் என்பதால் எழுதுகிறேன்.

இரும்புத்தோள் தம்பி சொன்ன "அதே கதைதான்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன், ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன், அது எலும்பைக் காக்கும், இது எலும்பைக் காக்கும் என்று பாதி உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் வயதான ஆணின் எலும்பு கரையாமல் பார்த்துக்கொள்வதில் பெரும்பங்கு ஈஸ்ட்ரோஜனுடையது. நெல்லைக் குத்தி அரிசியாக்குவது போல, ஆணின் உடம்பு தன் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பகுதியை அரோமட்டேஸ் என்ற நொதியால் எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. எலும்பு கேட்பது முக்கியமாக அந்த அரிசியை.

டெஸ்டோஸ்டிரோனுக்கு எலும்பில் வேலையே இல்லை என்று சொல்லவில்லை. வாலிபத்தில் எலும்பின் வெளிச்சுற்றைத் தடிக்க வைப்பதில் அதற்குப் பங்குண்டு. ஆண்களின் எலும்பு பருமனாக அமைவது ஒரு காரணம், உள்வலைப் பின்னல் பெண்களுக்குப் போல அறுந்துபோகாமல் பெரும்பாலும் மெலிவதோடு நிற்பது இன்னொரு காரணம். இவற்றால்தான் ஆண்களுக்கு முறிவுகள் பெண்களைவிடச் சுமார் பத்து வருடம் தள்ளி வருகின்றன.

தள்ளி வருகின்றன, அவ்வளவுதான். இடுப்பெலும்பு முறிந்தபின் ஒரு வருடத்துக்குள் இறப்பது பெண்களைவிட ஆண்களில் கூடுதல். உங்கள் அப்பாவுக்கு நடந்தது துரதிர்ஷ்டவசமாக அபூர்வமான சம்பவம் இல்லை ஐயா. பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தால் அது பிள்ளையின் அபாயக் கணக்கிலும் சேரும். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சரவெடி எழுதியது:

ஆம்பளை எலும்பை நிமிர்த்தி வைப்பது பொம்பளை ஹார்மோனா? 😀 டீச்சர், இதற்கு ஆதாரம் வேண்டும். வாட்ஸப் தகவல் வேண்டாம்.

செங்காந்தள் எழுதியது:

தாராளமாக. மூன்று இடத்திலிருந்து தருகிறேன்.

1994ல் அமெரிக்காவில் ஒரு 28 வயது ஆண் பற்றிய அறிக்கை வெளியானது. ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் ஏற்பி அவர் உடம்பில் வேலை செய்யவில்லை, பிறவிக் கோளாறு. டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவில் இருந்தது, மீசை, தாடி எல்லாம் உண்டு. ஆனால் உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்பு நுனிகள் மூடவில்லை, எலும்படர்த்தி மிகக் குறைவு. அடுத்த சில வருடங்களில் அரோமட்டேஸ் நொதியே இல்லாத ஆண்களும் கண்டறியப்பட்டார்கள். அவர்களுக்கும் அதே உயரம், அதே பஞ்சு எலும்பு. அப்படி ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தபோது எலும்பில் பலன் இல்லை. எஸ்ட்ரடையால் கொடுத்ததும் அடர்த்தி ஏறியது.

இவை அபூர்வமான நோயாளிகள், வயதானவர்களுக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 59 முதியவர்களை வைத்து 2000ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். முதலில் மருந்து கொடுத்து அவர்களுடைய இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்தினார்கள். பிறகு சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் மட்டும், சிலருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றுமில்லை. எலும்பு அரிப்பைத் தடுப்பதில் 70 சதவீதமோ அதற்கு மேலோ ஈஸ்ட்ரோஜனின் வேலை என்று தெரிந்தது. எலும்பு புதிதாக உருவாவதில் மட்டும் இரண்டுக்குமே பங்கு இருந்தது.

மூன்றாவதுதான் வேட்டிமடிப்பு ஐயாவின் கேள்விக்கு நேராகப் பொருந்துவது. பாஸ்டனில், மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில், 20 முதல் 50 வயது ஆரோக்கியமான ஆண்கள் சுமார் 400 பேர். முடிவு 2013ல் வந்தது. இவர்களுக்கும் சொந்தச் சுரப்பை நிறுத்தி, ஜெல் வடிவில் வெவ்வேறு அளவு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அது ஈஸ்ட்ரோஜனாக மாறாமல் தடுக்கும் மாத்திரையும் சேர்த்து. பதினாறு வாரம். தசை அளவும் வலுவும் டெஸ்டோஸ்டிரோனைப் பின்பற்றின. கொழுப்பு சேர்ந்ததோ முக்கியமாக ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால். பாலியல் ஆர்வத்துக்கு இரண்டும் தேவைப்பட்டன. தசை கரையத் தொடங்கியது டெஸ்டோஸ்டிரோன் 200 அளவுக்கு இறங்கியபோதுதான். கொழுப்பு அதற்கு முன்பே, 300-350 அளவிலேயே ஏறத் தொடங்கிவிட்டது. அதே ஆட்களின் எலும்பை ஆராய்ந்து 2016ல் எழுதினார்கள். எஸ்ட்ரடையால் ஒரு மில்லிலிட்டருக்கு 10 பிகோகிராமுக்குக் கீழே போனால் எலும்பு இழப்பு தெளிவாகத் தெரிகிறது.

ஆக, ஜிம் மாஸ்டர் சொன்ன "ஒரே காரணம்" மூன்று தனித்தனிக் கதைகள். தசைக்கு ஒரு ஹார்மோன், தொப்பைக்கும் எலும்புக்கும் பெரும்பாலும் இன்னொன்று. ஒவ்வொன்றும் சறுக்கத் தொடங்கும் அளவும் வேறு.

சரவெடி எழுதியது:

சரி, வெடியை அணைத்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும். இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் உடம்பு. நம் ஆளுக்கு ஒல்லிக் கை, பானை வயிறு. அதே கணக்கு நமக்கு ஒத்துவருமா?

செங்காந்தள் எழுதியது:

நல்ல சந்தேகம். ஹார்மோன் வேலை செய்யும் முறை ஒன்றுதான். உடல்வாகு வேறு. 2004ல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் புகைப்படத்தையே போட்டார்கள். ஒருவர் புனேயின் யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தின் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்த்தால் இருவரும் ஒல்லி. வேட்டிமடிப்பு ஐயா "எடை பெரிதாக ஏறவில்லை" என்கிறாரே, அது தராசு சொல்லும் பாதிக் கதை. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் முள் நகராது.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டெக்ஸாவில் அடர்த்தி நன்றாகவே தெரியும், எலும்பின் தரம் குறைந்திருப்பதால் முறிவு அதைவிடக் கூடுதலாக நடக்கும். அதனால் இவருடைய மைனஸ் 1.9ஐ நான் கொஞ்சம் கறாராகவே பார்ப்பேன்.

இரும்புத்தோள் எழுதியது:

டீச்சர், நீங்கள் சொன்னதை வைத்தே கேட்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் அது ஈஸ்ட்ரோஜனாகவும் மாறும் அல்லவா? அப்போது எலும்புக்கும் நல்லதுதானே? அமெரிக்காவில் 65 தாண்டியவர்களுக்கு ஒரு வருடம் ஜெல் கொடுத்து எலும்படர்த்தி ஏறியது என்று நானே படித்திருக்கிறேன். ரொம்ப மாறினால் மார்பு வீங்கும் என்பதற்காக ஜிம்மில் பலர் அந்த மாற்றத்தைத் தடுக்கும் அனஸ்ட்ரசோல் மாத்திரையைச் சேர்த்து எடுக்கிறார்கள், அதையும் சமாளிக்கலாம்.

செங்காந்தள் எழுதியது:

நீங்கள் படித்தது உண்மை. 211 ஆண்கள், 2017ல் வந்தது. முதுகெலும்பின் உள்பஞ்சுப் பகுதி அடர்த்தி ஜெல் போட்டவர்களுக்கு 7.5 சதவீதம் ஏறியது, மற்றவர்களுக்கு 0.8. கணினியில் கணித்த எலும்பு வலுவும் கூடியது. அப்போது எல்லோரும் "சரி, முறிவும் குறையும்" என்றுதான் எதிர்பார்த்தார்கள்.

முறிவையே நேராக எண்ணிய சோதனை 2024 ஜனவரியில் வெளியானது. டிராவர்ஸ் என்று பெயர். 45 முதல் 80 வயது, டெஸ்டோஸ்டிரோன் குறைவு, அறிகுறியும் உண்டு, இதய நோயோ அதற்கான அபாயமோ இருக்கும் ஆண்கள் 5,204 பேர். மூன்று வருடத்துக்குச் சற்று மேல் பார்த்தார்கள். முறிவு ஏற்பட்டது டெஸ்டோஸ்டிரோன் ஜெல் போட்டவர்களில் 3.50 சதவீதம், மருந்தில்லாத வெறும் ஜெல் போட்டவர்களில் 2.46 சதவீதம். குறையவில்லை, கூடியிருக்கிறது.

ஏன் என்பதற்கு இன்னும் முடிந்த பதில் இல்லை. வரைபடத்தில் இரு குழுக்களின் முறிவுக் கோடுகளும் சீக்கிரமே பிரியத் தொடங்கிவிட்டன. எலும்பு மெல்லத் தேய்ந்து முறிவதாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. அதனால் தெம்பு வந்ததும் கூடுதலாக ஓடியாடி விழுந்திருக்கலாம் என்று ஒரு ஊகம் இருக்கிறது. சோதனைக்கு எடுக்கப்பட்டவர்கள் எலும்புத் தேய்வு நோயாளிகள் இல்லை, பாதிக்கு மேல் இடையிலேயே ஜெல்லை நிறுத்தியும் விட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே சோதனையில் மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை என்பது ஊசி ஆதரவாளர்களுக்கு ஆறுதல். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் கூடின.

இதன் பொருள் உண்மையிலேயே விரைச் சுரப்பு நின்றுபோனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கூடாது என்பதல்ல. அவர்களுக்கு அது தேவை. எலும்பு முறியாமலிருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக அதைப் போட்டுக்கொள்வதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் பொருள்.

அனஸ்ட்ரசோல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 60 தாண்டிய, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்களுக்கு அதை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2009ல் முடிவு வந்தது. டெஸ்டோஸ்டிரோன் எண் ஜோராக ஏறியது, முதுகெலும்பின் அடர்த்தி இறங்கியது. ஜிம்மில் இந்த மாத்திரையை வாங்கித் தின்பவர்கள் ரிப்போர்ட்டை அழகாக்கிக்கொண்டு எலும்பைக் கொடுக்கிறார்கள்.

இரும்புத்தோள் எழுதியது:

நான் அனஸ்ட்ரசோல் எடுப்பதில்லை, அதைப் பதிவு செய்துவிடுகிறேன். ஊசியால் எனக்குக் கிடைத்த பலனை யாரும் மறுக்க முடியாது. நான் தொடரப் போகிறேன்.

லேப்மணி எழுதியது:

தொடருங்கள் தம்பி, உங்கள் டாக்டர் இருக்கிறார். ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) மட்டும் ஒழுங்காகப் பாருங்கள், 54ஐத் தாண்டினால் நிறுத்தச் சொல்வார்கள். புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருக்கும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால்: வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் மூளை விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு எண்ணிக்கை சுழியம் வரை போகலாம்.

மதுரைக்காரி எழுதியது:

இந்த இழையில் நான் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு 71. புரோஸ்டேட் புற்றுநோய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோனை நிறுத்தும் ஊசி போடுகிறார்கள். பி.எஸ்.ஏ. நன்றாக இறங்கிவிட்டது. ஆனால் ஆளே மாறிவிட்டார். வயிறு பெருத்துவிட்டது, கையில் தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை, திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிறது, அம்மாவுக்கு வந்த மாதிரியே. எலும்பைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கே படித்த பிறகுதான் பயம் வந்தது. இரண்டு ஹார்மோனும் நின்றுபோன நிலைதானே அப்பாவுக்கு?

வார்டுபாய் எழுதியது:

ஆமாம் சகோதரி, சரியாகப் பிடித்தீர்கள். புற்றுநோய் வார்டில் ஆண் செவிலியராக இருக்கிறேன். டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தினால் அதிலிருந்து உருவாகும் ஈஸ்ட்ரோஜனும் நின்றுவிடுகிறது. மேலே டீச்சர் சொன்ன சோதனைகளில் சில வாரம் செய்ததை உங்கள் அப்பாவுக்கு வருடக்கணக்கில் செய்கிறார்கள். தசை போவதும் கொழுப்பு ஏறுவதும் முதல் வருடத்திலேயே தெரியும். எலும்பும் அதே சமயத்தில்தான் வேகமாகப் போகிறது. அமெரிக்காவில் 50,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2005ல் எழுதியதில், நோய் தெரிந்து ஐந்து வருடமாவது உயிரோடிருந்தவர்களில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கு முறிவு 19.4 சதவீதம், பெறாதவர்களுக்கு 12.6.

ஊசியைப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், புற்றுநோயைக் கட்டுப்படுத்துவது அதுதான். டெக்ஸா எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சிகிச்சை தொடங்கும்போதே எடுத்திருக்க வேண்டியது, இப்போது எடுத்தாலும் பயன்தான். வைட்டமின் டி அளவும் பாருங்கள். தேவைப்பட்டால் எலும்பு அரிப்பை அடக்கும் டெனோசுமாப் 60 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. இதே நிலையில் இருந்த 1,468 ஆண்களிடம் சோதித்தார்கள். மூன்று வருடத்தில் புதிய முதுகெலும்பு முறிவு 3.9 சதவீதத்திலிருந்து 1.5 ஆகக் குறைந்தது. அதே வேலைக்கு ஸோலெட்ரானிக் ஆசிட் என்ற நரம்பு வழி மருந்தும் உண்டு.

செங்காந்தள் எழுதியது:

வார்டுபாய் தம்பி சொன்னதோடு ஒன்று. பிரிட்டனில் இதே நோயாளிகளுக்கு ஊசிக்குப் பதிலாக எஸ்ட்ரடையால் ஒட்டுப்பட்டை போட்டுப் பார்த்தார்கள். பேட்ச் சோதனை என்று பெயர். பட்டையும் டெஸ்டோஸ்டிரோனை அதே அடிமட்டத்துக்குக் கொண்டுபோகிறது. ஆனால் ஊசி போட்டவர்களுக்கு எலும்படர்த்தி இறங்கியது, பட்டை போட்டவர்களுக்கு ஏறியது. உடல் கொதிப்பும் குறைவு, மார்பு வீக்கம் மட்டும் அதிகம். டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய இல்லாமலேயே ஓர் ஆணின் எலும்பு தேறியிருக்கிறது! இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியவில்லை. சரவெடி கவனிக்க.

சரவெடி எழுதியது:

கவனித்தேன், கவனித்தேன். வெடிக்கட்டையே ஒப்படைத்தாயிற்று.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

இவ்வளவு ஆங்கில மருந்து பேசுகிறீர்கள், அமுக்கராச் சூரணம் யாருக்கும் ஞாபகம் வரவில்லையா? பாலில் கலந்து சாப்பிட்டால் தாது புஷ்டி. எங்கள் ஊரில் ஒருவர் கொடுக்கும் மூட்டுவலிப் பொடியைச் சாப்பிட்டு எழுபது வயதுக்காரர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வயலுக்குப் போகிறார்கள்.

லேப்மணி எழுதியது:

அமுக்கராவை விடுங்கள். சிறிய சோதனைகளில் டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் ஏறியதாக வந்திருக்கிறது, சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாகவும் அறிக்கைகள் உண்டு. முறிவைக் குறைத்ததாக எதுவும் இல்லை.

எனக்குக் கவலை அந்த "ஒரே வாரத்தில்" பொடி. பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடி அவ்வளவு வேகமாக வேலை செய்தால் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முகம் உருண்டையாகி, சர்க்கரை ஏறி, தொட்டால் தோல் கன்றிப்போன நிலையில் பரிசோதனைக்கு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். எலும்பைக் கரைக்கும் ஹார்மோன்களில் இதுதான் கொடுமையானது. எலும்பு கட்டும் செல்களை நேரடியாக அடிக்கும், தசையை உருக்கும், கொழுப்பை வயிற்றில் சேர்க்கும், டெஸ்டோஸ்டிரோனையும் இறக்கும். டாக்டர் எழுதிய பிரெட்னிசலோன் கூடத் தினம் 5 மில்லிகிராம் மூன்று மாதம் தாண்டினால் எலும்பைக் கவனிக்க வேண்டும் என்பார்கள். ஆனால் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது வேறு ஆபத்து. தைராய்டு மாத்திரை தேவைக்கு மேல் சாப்பிட்டாலும் எலும்பு போகும்.

வேட்டிமடிப்பு ஐயா, நீங்கள் அந்த மாதிரிப் பொடி ஏதாவது?

வேட்டிமடிப்பு எழுதியது:

இல்லை மணி, அந்தப் பழக்கம் இல்லை. ஜிம்மில் வளர்ச்சி ஹார்மோன் என்றும் ஒருவர் பேச்சை எடுத்தார். அதையும் கேட்டுவிடுகிறேன்.

செங்காந்தள் எழுதியது:

அந்த மோகம் 1990ல் தொடங்கியது. 60 தாண்டிய பன்னிரண்டே பேருக்கு ஆறு மாதம் போட்டுப் பார்த்தார்கள். கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது, கொழுப்பு நீங்கலான எடை 8.8 சதவீதம் கூடியது. அதைக் காட்டி உலகம் முழுக்க வியாபாரம் நடந்தது. கடைசியில் அந்தச் சோதனையை வெளியிட்ட மருத்துவ இதழே 2003ல் எச்சரிக்கை எழுத வேண்டியதாயிற்று. பின்னால் நடந்த சோதனைகளில் எடை கூடியதே தவிர வலு பெரிதாகக் கூடவில்லை. கை, கால் வீக்கம், மூட்டுவலி, சர்க்கரை ஏற்றம் என்று வந்தன. நீங்கள் சர்க்கரைக்காரர். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நடைவண்டி எழுதியது:

பிசியோதெரபிஸ்ட் என்பதால் ஹார்மோனை டீச்சரிடம் விட்டுவிட்டு என் பங்கைச் சொல்கிறேன்.

விழாமல் இருப்பவருக்கு இடுப்பெலும்பு முறிவது அரிது. மாத்திரை, ஊசி பற்றிக் கேட்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, இரவில் சிறு விளக்கு, கண்புரை இருந்தால் ஆபரேஷன். தூக்க மாத்திரை, எழுந்ததும் தலைசுற்ற வைக்கும் பிரஷர் மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசுவது. நான் வீடு வீடாகப் போகிறவன். நாலு லட்சத்துக்கு மாடுலர் கிச்சன் இருக்கும், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்காது.

அப்புறம் எடைப் பயிற்சி. வாக்கிங் இதயத்துக்கு நல்லது, இடுப்பெலும்பு அடர்த்தியைக் கூட்ட அது போதாது. எலும்புக்குப் பாரம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் எலும்படர்த்தி குறைந்த நடுத்தர வயது, முதிய ஆண்களுக்கு வாரம் இரண்டு முறை, மேற்பார்வையில், நல்ல கனத்தோடு எட்டு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். எலும்பும் தேறியது, தசையும் தேறியது. மேற்பார்வை என்ற சொல்லை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். குனிந்து முதுகை வளைத்து எடை தூக்கினால் தேய்ந்த முதுகெலும்பு நசுங்கிவிடும்.

சாப்பாட்டில் புரதம். மூன்று வேளையும் சோறு, இட்லி, சாம்பாரில் மிதக்கும் பருப்பு என்றால் தசைக்குப் பற்றாது. முட்டை, மீன், கொண்டைக்கடலை, தயிர், பனீர், உங்களுக்குப் பிடித்ததை ஒவ்வொரு வேளையும் சேருங்கள். கால்சியத்துக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கணக்கு. 100 கிராம் கேழ்வரகிலேயே 350 அளவில் கிடைக்கிறது. சிறுநீரகத்தில் பிரச்சினை இருந்தால் புரதத்தை டாக்டரிடம் கேட்டுக் கூட்டுங்கள்.

இன்னொரு கேள்வி ஐயா. வாலிபத்தில் இருந்ததைவிட உயரம் குறைந்திருக்கிறதா? வேட்டி தரையில் புரளத் தொடங்கியிருக்கிறதா? 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பு வலிக்காமலேயே நசுங்கியிருக்கலாம். ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். அப்படி நசுங்கல் இருந்தால் டி-ஸ்கோர் மைனஸ் 1.9 என்றாலும் மருந்து தேவைப்படும்.

வேட்டிமடிப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடுவில் எழுத முடியவில்லை, மறுபரிசோதனைக்குக் காத்திருந்தேன். காலை வெறும் வயிற்றில் எடுத்ததில் முதல் முறை 371, இரண்டாம் முறை 356. எஸ்.எச்.பி.ஜி. எல்லைக்குள் கீழ்ப்பக்கம். கணக்கிட்ட தனிப்பகுதி சரியாக இருக்கிறதாம். வைட்டமின் டி 13. அது குறைவு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பள்ளிக்கூடச் சான்றிதழில் பழைய உயரம் இல்லை, ஆனால் கல்யாணச் சட்டை தைத்த அளவும் இப்போதைய அளவும் அதே நீளம்தான் என்கிறாள் வீட்டுக்காரி. எக்ஸ்ரேயில் நசுங்கல் இல்லை.

புதிதாக ஹார்மோன் டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். உட்கார வைத்துப் பேசினார். பாலியல் ஆர்வம், காலை விறைப்பு எல்லாம் கேட்டார், அதில் குறையில்லை என்றேன். "அறிகுறியும் இல்லை, எண்ணும் இறங்கவில்லை, உங்களுக்கு ஊசிக்கு வேலையே இல்லை" என்றார். வைட்டமின் டி ஏற்றுவது, இடுப்புச் சுற்றளவைக் குறைப்பது, எடைப் பயிற்சி, இரண்டு வருடம் கழித்து அதே மெஷினில் டெக்ஸா. தொப்பை குறைந்தாலே டெஸ்டோஸ்டிரோன் தானாகக் கொஞ்சம் ஏறும் என்றும் சொன்னார். ஜிம் மாஸ்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். "அப்ப பூஸ்டர் பவுடர் மட்டும் எடுங்க சார்" என்கிறார்.

நடைவண்டி தம்பி, எனக்கு இடது முட்டி கொஞ்சம் உதைக்கிறது. ஸ்குவாட் போடலாமா?

நடைவண்டி எழுதியது:

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்குங்கள். அது சுலபமானதும் உயரம் குறைந்த ஸ்டூல், அதற்கப்புறம் கையில் எடை. முட்டியில் வலி மறுநாள் வரை நின்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள், குறையுங்கள். பவுடர் காசில் குளியலறைக்குக் கம்பி வாங்குங்கள்.

மதுரைக்காரி எழுதியது:

அப்பாவுக்கு டெக்ஸா எடுத்தாயிற்று. இடுப்பு மைனஸ் 2.7. டெனோசுமாப் போடலாம் என்கிறார்கள். ஆனால் அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். எலும்பு ஊசிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? சில முறை போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாமா? அப்பா ஊசி என்றாலே முகம் சுளிக்கிறார்.

வார்டுபாய் எழுதியது:

இந்த மருந்து இருக்கும்போது பல் பிடுங்கினால் அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போகும். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலிலேயே பிடுங்கி, ஆறிய பிறகு தொடங்குவார்கள். கால்சியம், வைட்டமின் டி இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கும்.

நிறுத்துவது பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். டெனோசுமாப்பை நடுவில் விட்டால் அடக்கி வைத்திருந்த எலும்பு அரிப்பு ஒரேயடியாகத் திரும்பும். சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கியிருக்கின்றன. விட வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஸோலெட்ரானிக் ஆசிட் மாதிரி வேறொன்றைக் கொடுத்துத்தான் விடுவார்கள். ஊருக்குப் போயிருந்தோம், மறந்துவிட்டோம் என்று ஒரு தவணை தள்ளிப்போவதும் நல்லதில்லை. முதல் ஊசி போட்ட அன்றே அடுத்த தேதியை வாங்கிவிடுங்கள். அப்பா முகம் சுளித்தால், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரானிக் ஆசிட் அவருக்கு ஒத்துவருமா என்று தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரக ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்வார்.